மீதி எண்ணூற்றெண்பது கிலோ எங்கே?

ஆயிரம் கிலோ கரும்பு உள்ளே போனால் நூற்றிருபது கிலோ வெல்லம் வெளியே வரும். மறையூரில் கரும்பாலை வைத்திருக்கும் ஒருவர் போனில் சொன்ன கணக்கு இது. அவர் சொல்லிவிட்டு வைத்துவிட்டார், எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் போயிற்று. மீதி 880 கிலோ? சக்கை, ஆவி என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். எவ்வளவு சக்கை, எவ்வளவு ஆவி, வழியில் எவ்வளவு சர்க்கரை நழுவியது என்று எடை போட்டுச் சொன்னவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

பையில் இவ்வளவும் எடுத்துக்கொண்டேன்: 50 கிலோ வரை தூக்கும் தொங்கு தராசு (550 ரூபாய்), சமையலறைத் தராசு, பி.எச். தாள் ஒரு கட்டு, நீளமான தெர்மாமீட்டர், கல்லூரி லேபில் வேலை பார்க்கும் சிநேகிதியிடம் கெஞ்சி வாங்கிய ரிஃப்ராக்டோமீட்டர். கடைசியாகச் சொன்னது ஒரு சின்னக் குழாய். சாற்றை ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால், அதில் கரைந்திருப்பது நூற்றுக்கு எத்தனை என்று கோடு காட்டும்.

பாலக்காட்டில் இருந்து நேராக மறையூர் போகவில்லை, முதலில் வாளையாருக்குப் பஸ் ஏறினேன். ஆலைக்காரர், “கொஞ்சம் சுண்ணாம்பு விடுவோம், வேற ஒண்ணும் கிடையாது” என்று சொல்லியிருந்தார். அப்படியானால் சுண்ணாம்பில் இருந்து தொடங்குவதுதான் முறை.

வாளையாரில் ஒரு காலத்தில் லாரிகள் மைல் கணக்கில் நின்றன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு அந்த வரிசை இல்லை, டீக்கடைகளும் குறைந்துவிட்டன. மலபார் சிமென்ட்ஸ் மட்டும் அங்கேயே இருக்கிறது. கேரள அரசின் ஆலை, 1984 முதல் ஓடுகிறது. சாலையில் நின்று பார்த்தால் பின்னால் நீல மலை, முன்னால் புகைபோக்கி. அதற்குள் போகும் சுண்ணாம்புக்கல்லைப் பற்றிப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ‘சிதைவு வினை’ என்று எழுதுவார்கள். கால்சியம் கார்பனேட்டைச் சூடேற்றினால் கால்சியம் ஆக்சைடும் கரியமில வாயுவும் தனித்தனியாகப் பிரியும். கல் நூறு கிலோ என்றால் சுண்ணாம்பு 56 கிலோ, காற்றில் போவது 44 கிலோ. சிமென்ட் ஆலைகள் வெளிவிடும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் அடுப்பு எரிப்பதால் வருவதல்ல, கல்லே விடும் மூச்சு அது. நான் பார்த்தபோது புகைபோக்கியின் மேல் ஒன்றுமே தெரியவில்லை, வானம் வெறிச்சென்று இருந்தது. இந்த 44 கிலோ கண்ணுக்குத் தெரியாத எடை என்பதை ஒரு ஓரமாகக் குறித்துக்கொண்டேன்.

சாலையோரக் கடையில் சுட்ட சுண்ணாம்புக் கட்டி கிலோ 30 ரூபாய். பக்கத்து மூட்டையில் இருந்தது கிளிஞ்சல் சுண்ணாம்பு, மலையாளத்தில் நீற்றுகக்க. விலை அதிகம், வெள்ளையும் அதிகம். நான் கட்டியை வாங்கினேன். “ஈரக் கையோட தொட்டுறாதீங்கக்கா” என்றார் கடைக்காரர். காகிதத்தில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அதன் மேல் இன்னொரு பை போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் தண்ணீர் பாட்டில் வைத்திருந்தவரை விட்டு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தேன்.

வேலந்தாவளம் வழியாகக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போனால் தென்னந்தோப்பு தவிர வேறொன்றும் கண்ணில் படாது. சித்தூர் தாலூகாக் கள்ளு கேரளத்தின் பல மாவட்டங்களுக்கும் போகிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, அங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை. இரண்டு பக்கமும் ஒரே தென்னை, ஒரே பாளை. அங்கே ஒரு தோப்பில்தான் சுண்ணாம்பு நீற்றிப் பார்த்தேன். தோப்புக்காரருக்கு நான் வந்த காரியம் வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும், ஆனாலும் ஒரு பழைய மண்சட்டியைக் கொடுத்தார்.

கட்டி 500 கிராம், தண்ணீர் 200 கிராம். ஊற்றியதும் ஒன்றும் நடக்கவில்லை. “பழைய சரக்கும்மா, செத்துப்போச்சு” என்றார் அவர். பத்து எண்ணுவதற்குள் கட்டியில் ஒரு கீறல் விழுந்தது. அப்புறம் படபடவென்று வெடித்து, சட்டியில் இருந்து ஆவி கிளம்பியது. தெர்மாமீட்டரை விடப் போனவள் கையை இழுத்துக்கொண்டேன். அடுப்பு இல்லை, தீ இல்லை, தண்ணீர் தானாகக் கொதிக்கிறது. இரண்டு சேர்ந்து ஒன்றாகும் இதுதான் ‘சேர்க்கை வினை’, அதிலும் வெப்பம் கக்கும் வகை.

ஆறிய பிறகு எடை போட்டேன். போட்டது 700 கிராம், சட்டியில் இருப்பது 655. ஆவியாகப் போனது 45 கிராம். சல்லடையில் சலித்ததில் நீறாத கல் 70 கிராம் நின்றது. ஆக, வினையில் கலந்துகொண்ட சுண்ணாம்பு 430 கிராம்தான். 56 கிராம் சுண்ணாம்பு 18 கிராம் தண்ணீரைப் பிடித்து 74 கிராம் ஆகும் என்பது கணக்கு. 430-க்கு 568 கிராம் வர வேண்டும். தராசில் இருந்தது 585. அதாவது நூற்றுக்கு நூற்றிமூன்று!

எனக்கு ஒரு நிமிடம் பெருமையாகத்தான் இருந்தது. தோப்புக்காரர் ஒரு கிள்ளு எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, “நசநசங்குது” என்றார். அவ்வளவுதான் விஷயம். பிடிபடாத தண்ணீர் பொடிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நான் அதையும் சேர்த்து எடை போட்டிருக்கிறேன். விளைச்சல் நூற்றைத் தாண்டினால் சந்தோஷப்படக் கூடாது, தொட்டுப் பார்க்க வேண்டும்.

இதே சுண்ணாம்பைக் கலயத்தின் உட்புறம் தடவிவிட்டால் பாளைச் சாறு புளிக்காது, தெளுவாக இறங்கும். தடவாவிட்டால் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். குளுக்கோஸ் 180 கிராம் உடைந்து சாராயம் 92, கரியமில வாயு 88 என்று ஆகும். கள்ளின் மேல் நிற்கும் நுரை அந்த 88-ன் ஒரு பகுதி. காலையில் இறக்கியதை ஒரு வாய் குடித்தேன், இனிப்பு. சாயங்காலம் வந்தால் வேற மாதிரி இருக்கும் என்றார்கள். சாயங்காலம் நான் உடுமலைப்பேட்டையில் இருந்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு உடுமலையில் இருந்து மூணாறு பஸ். மறையூருக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் ஆகும். அமராவதி அணைக்குத் திரும்பும் பாதையைத் தாண்டி, ஒன்பதாறு செக்போஸ்ட்டில் நின்று, காட்டுக்குள் நுழைகிறது. வைகாசி பிறந்து சில நாள்தான், சின்னாறு காடு முழுக்கக் காய்ந்து சாம்பல் நிறத்தில் கிடந்தது. மேற்குமலை மழையை மறித்துவிடுவதால் கேரளத்திலேயே மழை குறைவான இடங்களில் ஒன்று இது. ஒரு வளைவில் டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். யானை. தாயும் குட்டியும், ஐந்து நிமிடம். யாரும் போன் எடுக்கவில்லை, எல்லாரும் இந்தப் பாதையில் தினம் போகிறவர்கள்.

சின்னாறு தாண்டி மேலே ஏற ஏற, வேலிக்குள் சந்தன மரங்கள். பிறகு சட்டென்று பள்ளத்தாக்கு திறக்கிறது. பாம்பாற்றுத் தண்ணீரில் பச்சைப் பச்சையாகக் கரும்பு. கேரளத்தில் கிழக்கே ஓடும் ஆறுகள் மூன்றில் பாம்பாறும் ஒன்று, கடைசியில் நம் அமராவதியில்தான் வந்து சேர்கிறது. மறையூர், காந்தல்லூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஐந்தும் சேர்ந்து அஞ்சுநாடு. பேச்சு தமிழ், கடைப் பலகை மலையாளம். இங்கே வெல்லத்துக்குச் ‘சர்க்கரை’ என்றுதான் பெயர். கடைத்தெருவில் பத்தடிக்கு ஒரு பலகை, ‘ஒரிஜினல் மறையூர் சர்க்கரை’. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெளியூர் மலிவு வெல்லம் இந்தப் பெயரில் விற்கிறது என்பது இங்குள்ள விவசாயிகளின் தீராத குறை. ‘ஒரிஜினல்’ என்று எழுத வேண்டியிருப்பதே அதனால்தானோ என்னவோ.

ஆலை கடைத்தெருவில் இருந்து ஒன்றரைக் கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 50 ரூபாய். தகரக் கூரை, சுவர் இல்லாத கொட்டகை. முற்றம் முழுக்கச் சக்கை காய்கிறது. வாசலிலேயே புகையும் பாகும் சேர்ந்த வாசனை தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஆலைக்காரர் என் தராசைப் பார்த்துச் சிரித்தார். “நூத்தி இருபதுன்னு சொன்னேனேம்மா, நம்பலையா?” நம்புகிறேன், பார்த்துவிட்டு நம்புகிறேன் என்றேன்.

காலையில் வெட்டிய கரும்பு கட்டுக்கட்டாக வந்திருந்தது. ஒரு கொப்பரைக்கு 41 கட்டு. எல்லாவற்றையும் தூக்க விடவில்லை, ஐந்தைத் தூக்கினேன்: 23.2, 24.6, 22.8, 25.1, 24.3. சராசரி சரியாக 24 கிலோ. மொத்தம் 984 என்று வைத்துக்கொண்டேன். மூன்று உருளை மிஷின் கடகடவென்று ஓட, ஒருவர் கரும்பை ஊட்டிக்கொண்டே இருந்தார். கீழே பீப்பாயில் சாறு, இந்தப் பக்கம் சக்கை. 200 லிட்டர் பீப்பாய் இரண்டு நிறைந்து, மூன்றாவது முக்காலுக்கு வந்ததும் மிஷின் நின்றது. 550 லிட்டர். ஒரு லிட்டரை எடை போட்டால் 1.07 கிலோ. ஆக 588 கிலோ சாறு, கரும்பில் நூற்றுக்கு அறுபது.

ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டு வெயிலுக்கு நேரே பிடித்தேன். மேலே நீலம், கீழே வெள்ளை, நடுவே கோடு 18-ல் நின்றது. அடுப்புக்காரத் தம்பி வாங்கிப் பார்த்தான். “இதுல இனிப்பு தெரியுமாக்கா?” என்று கேட்டுவிட்டு, பீப்பாயில் விரலை விட்டு நக்கி, “பதினெட்டுதான்” என்றான். என்னைக் கேலி செய்கிறானா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

588-ல் நூற்றுக்குப் பதினெட்டு என்றால் 106 கிலோ. இது முழுக்க உலர்ந்த எடை. வெல்லத்தில் ஈரம் கொஞ்சம் இருக்கும், நூற்றுக்கு ஆறு என்று போட்டால் 113 கிலோ வர வேண்டும். நோட்டில் பெரிதாக எழுதி வட்டம் போட்டேன். வேதியியல் பாடம் ‘கோட்பாட்டு விளைச்சல்’ என்று சொல்வது இதைத்தான், ஒரு துளியும் சிந்தாமல் சிதறாமல் நடந்தால் கிடைப்பது.

கொப்பரையின் கீழே அடுப்பு வாய் ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவு. எரிவது சக்கை மட்டும், விறகு ஒரு துண்டு கிடையாது. சாறு சூடானதும் ஆலையின் பெரியவர் ஒரு குவளையில் சுண்ணாம்புத் தெளிவு எடுத்து வந்தார். எனது பி.எச். தாள் அதற்கு முன் 5-க்குக் கொஞ்சம் மேலே காட்டியது, சாற்றில் இயற்கையாக இருக்கும் அமிலம். அவர் சுற்றிச் சுற்றி ஊற்றினார். தாள் 6-ஐத் தாண்டியது. அமிலமும் காரமும் சேர்ந்து உப்பும் தண்ணீரும் ஆகும் ‘நடுநிலையாக்கல்’. கண்ணுக்குத் தெரிந்தது வேறு: பச்சைச் சாம்பல் நிறத்தில் அழுக்கு திரண்டு மேலே வந்தது. ஓட்டைக் கரண்டியால் வாரி வாளியில் போட்டார்கள். நான் வாளியைத் தூக்கினேன், இரண்டு வாளியும் சேர்ந்து 14 கிலோ.

“இன்னும் கொஞ்சம் விட்டா இன்னும் தெளியுமில்லீங்களா?” என்று கேட்டேன். பெரியவர், “விட்டா கறுத்துரும்” என்றார். அமிலம் தீர்ந்த பிறகு மிஞ்சும் சுண்ணாம்பு சும்மா இருக்காது, சாற்றின் குளுக்கோஸைப் பிடித்துக்கொண்டு நிறத்தைக் கெடுக்கும். எது முதலில் தீருகிறதோ அதுதான் வினையின் அளவைத் தீர்மானிக்கும் என்று பாடத்தில் ஒரு பக்கம் வரும். பெரியவர் அதை நுரையின் நிறத்தில் பார்க்கிறார்.

கொட்டகை மூலை முடுக்கெல்லாம் ஒரு சுற்று நடந்து பார்த்தேன், தேடினேன் என்றும் சொல்லலாம். சுண்ணாம்பு மூட்டை, நுரை பொங்கினால் சொட்டு விடத் தேங்காய் எண்ணெய், பீடிக்கட்டு. ‘ஹைட்ரோஸ்’ டப்பா இல்லை. சோடியம் ஹைட்ரோசல்பைட்டைத்தான் வெல்லத் தொழிலில் அப்படிச் சொல்வார்கள். நிறத்தைத் தரும் பொருள்களை ஒடுக்கி, வெல்லத்தைப் பளிச்சென்று மஞ்சளாக்கும் ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை அது. கொஞ்ச நாள் காற்றுப் பட்டால் மறுபடி கறுக்கத் தொடங்கிவிடும். வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு பத்து லட்சத்துக்கு 70 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. மறையூர்ச் சரக்கின் நிறம் அடர்ந்த பழுப்பு, வேகவைத்த பலாக்கொட்டைத் தோல் போல.

கொதி வந்ததும் தெர்மாமீட்டரை விட்டேன். 97 டிகிரி. கருவியில் கோளாறா என்று பார்த்தேன், கோளாறு இல்லை. மறையூர் கடல் மட்டத்தில் இருந்து ஆயிரம் மீட்டர் கிட்ட உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் நூறுக்கு முன்பே கொதித்துவிடும். கீழே சமவெளியில் 118 டிகிரியில் இறக்குகிறார்கள் என்றால், இங்கே 115-லேயே அந்தப் பதம்.

வற்ற இரண்டரை மணி நேரம் ஆகும் என்றார்கள். பக்கத்துத் தோட்டத்துக்குப் போனேன். போன வருஷம் வரை அதுவும் கரும்புதானாம், இப்போது பாக்கு. கரும்பு கட்டுப்படியாகவில்லை என்று இங்கே பலரும் பாக்குக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். ஆலைக்காரரின் தம்பி, மழைக்கு முன் மகாளி நோய்க்கு மருந்து கலக்கிக்கொண்டிருந்தார்: மயில்துத்தம் (செம்பு சல்பேட்) ஒரு கிலோ ஒரு டிரம்மில், சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ நீற்றி இன்னொன்றில், மொத்தம் நூறு லிட்டர் தண்ணீர். போர்டோ கலவை. 1880-களில் பிரான்ஸின் போர்டோ திராட்சைத் தோட்டங்களில் மில்லார்டே என்பவர் கண்டுபிடித்தது, இன்று இடுக்கியில் ஏலமும் மிளகும் பாக்கும் இதில்தான் நனைகின்றன. இரண்டும் சேர்ந்ததும் கரும்பலகைச் சாக்பீஸ் போல வெளிர்நீலக் குழம்பு திரண்டது. செம்பும் கால்சியமும் ஜோடி மாற்றிக்கொள்ளும் ‘இரட்டை இடப்பெயர்ச்சி’.

அப்புறம் அவர் செய்ததைத்தான் நான் குனிந்து பார்த்தேன். கத்தியைக் கல்லில் தீட்டி, பளபளவென்று ஆக்கி, கலவையில் விட்டு எண்ணினார். வெளியே எடுத்தபோது முனையில் மெல்லிசாகச் செங்கல் நிறம். “துத்தம் மிச்சமிருக்கு” என்று சொல்லி, இன்னொரு கை சுண்ணாம்பு போட்டுக் கலக்கினார். மறுபடி தீட்டி, மறுபடி விட்டார். இந்த முறை கத்தி வெள்ளையாகவே வந்தது. பிணையாத செம்பு கலவையில் மிஞ்சியிருந்தால், இரும்பு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு செம்பைத் தன் மேல் படியவிடும். இது ‘ஒற்றை இடப்பெயர்ச்சி’. மிஞ்சிய செம்பு இலையைக் கருக்கிவிடும், அதனால் இந்தச் சோதனை.

எனக்கு ஒரு சந்தேகம். கணக்குப்படி ஒரு கிலோ துத்தத்துக்குச் சுட்ட சுண்ணாம்பு கால் கிலோகூட வேண்டாம், 224 கிராம் போதும். இவர் நான்கு மடங்குக்கு மேல் போட்டும் செம்பு எப்படி மிஞ்சியது? மூட்டையைப் பார்க்கலாமா என்றேன். வாய் கட்டாத மூட்டை, தொட்டால் பொடி கரகரவென்று மணல் மாதிரி இருந்தது. நாள்பட்ட சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகிவிடும். வாளையாரில் வானத்துக்குப் போன 44 கிலோ கொஞ்சம் கொஞ்சமாக இந்த மூட்டைக்குள் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. என் பையில் மிச்சமிருந்த அரைக் கிலோ கட்டியை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது கொப்பரையில் சாறு கால்வாசிக்கும் கீழே இறங்கி, குமிழ் பெரிதாகி, ‘டப் டப்’ என்று உடைந்துகொண்டிருந்தது. ஒரு தடவை பொங்கி விளிம்பில் வழிந்ததைப் பார்த்தேன். பெரியவர் துடுப்பில் ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு உருட்டினார், கோலிக்குண்டு போல நின்றது. உருட்டுப்பதம். என் தெர்மாமீட்டர் 114.5 காட்டியது. நான் “இன்னும் அரை டிகிரி” என்று சொல்ல வாய் திறப்பதற்குள் கொப்பரையைக் கவிழ்த்துவிட்டார்கள்.

மரத்தொட்டியில் துடுப்பால் கிளறக் கிளறப் பாகு மங்கி இறுகியது. நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து, சூடு பொறுக்கும் கையால் உருண்டை பிடித்தார்கள். நானும் ஒன்று பிடித்தேன், கொழுக்கட்டை மாதிரி வந்தது, விரல் சிவந்துவிட்டது. அச்சு கிடையாது, ஒவ்வொரு உருண்டையிலும் ஒரு கையின் ரேகை.

பிடித்துக்கொண்டே பெரியவர் ஒரு கதை சொன்னார். முன்பு ஒரு தடவை மோட்டார் எரிந்து, வெட்டிய கரும்பு இரண்டு நாள் வெயிலில் கிடந்ததாம். அதை அரைத்துக் காய்ச்சியபோது எவ்வளவு கிளறியும் கூழாகவே இருந்தது. “எடை வந்துச்சும்மா, பிடி வரல” என்றார்.

இந்த ஒரு வரிக்காகவே வந்திருக்கலாம். கரும்புச் சர்க்கரையான சுக்ரோஸ், அமிலமும் சூடும் பட்டால் ஒரு தண்ணீர் மூலக்கூறை விழுங்கி, குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக உடையும். நீராற்பகுப்பு. வெட்டிப்போட்ட கரும்பில் நொதிகளே இந்த வேலையைத் தொடங்கிவிடும். 342-ம் 18-ம் சேர்ந்து 360. பதினெட்டால் வகுத்தால் அழகாக வருகிறது: 19 கிலோ சுக்ரோஸ் உடைந்தால் 20 கிலோ. எடை கூடுகிறது! ஆனால் உடைந்தது எளிதில் படிகம் ஆகாது, ஈரத்தை இழுத்துக்கொண்டு இளகி நிற்கும். 1850-ல் ஜெர்மனியில் வில்ஹெல்மி என்பவர் இதே உடைவை ஒளியைத் திருப்பும் கருவியில் நிமிடத்துக்கு நிமிடம் பார்த்துத்தான் ஒரு வேதிவினையின் வேகத்தை முதன்முதலில் கணக்கில் எழுதினார். சுண்ணாம்பு விட்டு அமிலத்தைக் குறைப்பது அழுக்குக்காக மட்டும் இல்லை, இந்த உடைவைத் தடுக்கவும்தான். வெட்டிய கரும்பு ராத்தங்கக் கூடாது என்பது மறையூரில் எழுதாத சட்டம்.

எல்லா உருண்டைகளையும் சாக்கில் போட்டு என் தராசில் தூக்கினோம். நான்கு சாக்கு, சாக்கின் எடை கழித்து 101 கிலோ.

113 வர வேண்டியது 101 வந்திருக்கிறது. நூற்றுக்கு 89. இல்லாத 12 கிலோவைத் தேடினேன். அழுக்கு வாளியில் ஒரு சொட்டு எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டால் 22, அப்படியானால் அங்கே 3 கிலோ. கொப்பரையும் தொட்டியும் கழுவிய தண்ணீர் 15 லிட்டர், கோடு 12-ல், அதில் ஏறக்குறைய 2 கிலோ. அது அடுத்த கொப்பரைக்குப் போகும், நஷ்டம் இல்லை. மீதி? பொங்கி வழிந்தது, தரையில் சிந்தியது, வேடிக்கை பார்க்க வந்த குடும்பத்துக்குக் கொடுத்த ஆறு கிளாஸ் சாறு, நான் தின்றது. நான் போட்ட ‘நூற்றுக்கு ஆறு ஈரம்’ என்பதும் ஊகம்தான், நான்காக இருந்தால் 110 தான் வர வேண்டியது. ஐந்தாறு கிலோ கடைசி வரை பிடிபடவில்லை.

டன் கணக்கில் பார்த்தால் 103. நோட்டைக் காட்டினேன். ஆலைக்காரர் முகம் கொஞ்சம் சுருங்கியது. “தை மாசத்துக் கரும்புக்குச் சொன்னேன்மா” என்றார். இருக்கலாம். நான் பார்த்தது வைகாசிக் கரும்பு.

ஆனால் என் கண் அதற்குள் சக்கை மேல் போய்விட்டது. மிஷினில் இருந்து வந்த சக்கை 396 கிலோ. கரும்பில் நார் நூற்றுக்குப் பதின்மூன்று என்று பொதுவாகச் சொல்வார்கள், 984-க்கு 128 கிலோ. அப்படியானால் அந்தச் சக்கைக்குள் 268 கிலோ சாறு இன்னும் இருக்கிறது! ஒரு கைப்பிடி எடுத்து முறுக்கினேன், விரலிடுக்கில் வழிந்தது. கரும்பில் இருக்கும் எல்லாச் சாற்றையும் நூறு என்று வைத்தால் 164 கிலோ வெல்லம் வந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் இன்றைய விளைச்சல் 62 தான். பெரிய சர்க்கரை ஆலைகளில் வரிசையாக நான்கைந்து மிஷின், நடுவில் வெந்நீர் தெளித்து நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வரை பிழிந்துவிடுவார்கள். ஒரே சமையல்: கரும்பை நூறாக வைத்தால் 62, சாற்றை நூறாக வைத்தால் 89, எடையை மட்டும் பார்த்தால் 10. ஆலைக்காரர் பொய் சொல்லவில்லை, எதை நூறு என்று வைத்தார் என்று நான்தான் கேட்கவில்லை.

“அவ்வளவு சாறு அதுல நிக்குதே, இன்னொரு தடவ அரைச்சா என்ன?” என்று கேட்டேன். கரண்ட் காசு, கூலி என்று விரல் மடக்கிவிட்டு, அடுப்பைக் காட்டினார். “அதுக்கும் திங்க ஏதாவது வேணாமா?”

உட்கார்ந்து அடுப்பு வாய்க்குள் பார்த்தேன். அடுப்புக்காரத் தம்பி ஒரு கட்டுக் காய்ந்த சக்கையைத் தள்ளினான். ஓரத்தில் ஈரம் காயாத ஒரு பிடி முதலில் சுருண்டு, பளபளவென்று உருகி, நுரைத்து, கறுத்து, அப்புறம்தான் பற்றியது. சர்க்கரை எரிகிறது. வாசலில் தொண்டையில் உட்கார்ந்த வாசனை கொப்பரையில் இருந்து மட்டும் வரவில்லை. நாரில் உள்ள செல்லுலோஸ் 162 கிலோ எரிந்தால் காற்றில் இருந்து 192 கிலோ ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு 264 கிலோ கரியமில வாயுவும் 90 கிலோ நீராவியும் ஆகிறது. வெளியே போவது உள்ளே போட்டதைவிட இரண்டு மடங்குக்கு மேல். இதையும் சேர்த்தால் என் 880 கிலோக் கேள்வியே தப்பு.

கொப்பரையில் இருந்து ஆவியாகப் போன தண்ணீரைக் கணக்குப் பார்த்தேன். 588-ல் அழுக்கு 14, வெல்லம் 101 போக, 470 கிலோவுக்கு மேல். இழப்பில் பெரிய பங்கு இதற்குத்தான், அது வேதிவினையே இல்லை. தண்ணீர் தண்ணீராகவே போயிருக்கிறது, கூரைத் தகரத்தின் உட்புறம் சொட்டுச் சொட்டாக நின்றுகொண்டிருந்தது.

ஆலையிலேயே கிலோ 100 ரூபாய், கடைத்தெருவில் 130. ஒரு கிலோ வாங்கினேன். நான் பிடித்த கொழுக்கட்டையையும் அதில் போட்டுக் கொடுத்தார்கள். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், சரியாக 1,000 கிராம் வர ஒரு ஓரத்தை உடைத்து வாயில் போட்டுக்கொண்டேன். முதலில் இனிப்பு, அப்புறம் லேசாக உப்பு, கடைசியில் புகை.

மூன்று மணி பஸ்ஸில் இறங்கி, உடுமலை, பொள்ளாச்சி மாறிப் பாலக்காடு வந்து சேர இரவு ஒன்பதாகிவிட்டது. உருண்டைகளை மூடாத ஒரு தட்டில் அலமாரி மேல் வைத்தேன். ஜூன் முதல் வாரம் மழை பிடித்தது. பத்து நாள் கழித்து எடுத்துப் பார்த்தபோது நான் பிடித்தது மட்டும் தட்டோடு ஒட்டிக்கொண்டு, வியர்த்து, தளர்ந்து உட்கார்ந்திருந்தது. துடைக்காமல் எல்லாவற்றையும் தராசில் வைத்தேன். 1,022 கிராம்.